வைத்தியத்தில் பாதி, எடுத்துச் சொல்வதில்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'நோயாளியின் கவனிப்பிலும் திருப்தியிலும் மருத்துவப் பணியாளர்களின் பங்கு'. தலைப்பு பெரிது. அதை நான் ஒரு சின்னக் கேள்வியாக மாற்றிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிற ஒருவர், "நல்லாப் பாத்தாங்க" என்று எதை வைத்துச் சொல்கிறார்?

நம் வாட்ஸ்அப் குரூப்பில் மாதத்துக்கு இரண்டு முறையாவது ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "முழங்கால் வலிக்கு நல்ல டாக்டர் யாராவது சொல்லுங்களேன்." உடனே பத்துப் பெயர்கள் வரிசையாக வரும். பத்தும் டாக்டர்களின் பெயர்கள். தப்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்தவர் யார் யாரிடம் பேசினார் என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் செக்யூரிட்டி, பதிவுச் சீட்டு போடும் பெண், பிபி பார்க்கும் நர்ஸ், ரத்தம் எடுக்கும் லேப் ஊழியர், ஸ்கேன் எடுப்பவர், வீல்சேர் தள்ளுகிறவர், படுக்கை விரிப்பு மாற்றும் ஆயா, மருந்துக் கடைக்காரர், பில் கவுண்டர். இத்தனை பேருக்கு நடுவில் டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடங்கள்.

அந்த நிமிடங்கள் எத்தனை என்பதை உலக அளவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017ல் வெளிவந்தது. ஆரம்ப நிலைச் சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம், வங்கதேசத்தில் 48 வினாடி. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். நம் நாட்டில் ஏறத்தாழ 2 நிமிடம். டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே நூறு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தால் அவர் என்ன செய்வார்? அந்த 2 நிமிடத்துக்கு முன்னும் பின்னும் நோயாளியோடு இருப்பவர்கள் யார், அவர்கள் வாய் திறந்து என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் வேலை பார்த்த வருடங்களில் கேட்ட குறைகளை மூன்று மூட்டையாகக் கட்டிவிடலாம். "என்ன செய்யப் போறாங்கன்னு யாரும் சொல்லலை." "எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியலை." "யாரைக் கேக்கணும்னே புரியலை." மாத்திரை சரியில்லை, ஊசி சரியில்லை என்று வந்தவர்கள் குறைவு. நோயாளியை வாட்டுவது பெரும்பாலும் வலியைவிட, விவரம் தெரியாத தவிப்பு.

இந்த இடத்தில் சிலர், "சொன்னால் நல்லது, சொல்லாவிட்டாலும் வைத்தியம் நடக்கத்தானே செய்கிறது" என்று நினைக்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். நாளை காலை ஆபரேஷன். நர்ஸ் வந்து, "ராத்திரிக்கு மேல வாயில ஒண்ணும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். விடிகாலையில் பெரியவர் தொண்டை வறண்டு கிடக்கிறார். பக்கத்தில் இருக்கும் மகளுக்கு மனசு கேட்குமா? "ஒரு வாய் காப்பிதானே" என்று கொடுத்துவிடுவார். தியேட்டருக்குள் போகும்போது விசாரிப்பார்கள், ஆபரேஷன் தள்ளிப்போகும். மகளுக்குத் திட்டு, பெரியவருக்கு இன்னொரு நாள் பட்டினி, கட்டிலுக்கு இன்னொரு நாள் வாடகை. அந்த மகள் விசாரணையில் உண்மையைச் சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. முதல் நாளே, "மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும், அது பெரிய ஆபத்து" என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்த மகள் காப்பி டம்ளரைக் கையாலும் தொட்டிருக்கமாட்டார். அந்த இரண்டு வாக்கியமும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

சரி, பணியாளர்கள் இப்படி உட்கார்ந்து எடுத்துச் சொல்வது நடக்கிற காரியமா? நடக்கும் என்று காட்டிய ஊர் நம் மதுரை.

அண்ணா நகர்ப் பக்கம் போகிற எல்லோருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை தெரியும். அதைத் தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918ல் பிறந்தவர். இளம் வயதில் முடக்குவாதம் வந்து கை விரல்களெல்லாம் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண் அறுவை சிகிச்சை நிபுணரானார்; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். நம்மில் பலர் ரிட்டயர் ஆனதும் 'இனி என்ன' என்று யோசிக்கிற வயதில் அவருக்கு வேலையே ஆரம்பமானது. 2006ல் காலமானார். இன்று உலகத்திலேயே மிக அதிகமாகக் கண் ஆபரேஷன் செய்யும் அமைப்புகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். எல்லோரும் டாக்டரின் கதையாகவே இதைச் சொல்கிறார்கள். நான் சொல்ல வந்தது அங்கே சேலை கட்டிக்கொண்டு, வரிசையாக வேலை பார்க்கும் அந்தப் பெண்களைப் பற்றி.

அரவிந்தில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அவர்கள்தான். மேல்நிலைப் பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை சோதிப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, கண்ணாடிக்கான அளவு எடுப்பது, தியேட்டரில் உதவுவது என ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைத்துவிடுவார்கள். டாக்டர் இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதுதான். டாக்டரின் நேரம் மிச்சமாகிறது. நோயாளிக்குச் செலவும் குறைகிறது.

அந்தப் பெண்களில் சிலருக்கு ஆலோசகர் வேலை. டாக்டர் "கண்புரை, ஆபரேஷன் செய்யணும்" என்று சொல்லி அனுப்பியதும் நோயாளி வந்து உட்காரும் நாற்காலி அவர்கள் முன்னால்தான் இருக்கிறது. கண்ணுக்குள் என்ன லென்ஸ் வைப்பார்கள், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, சமையல் செய்யலாமா, வயலுக்குப் போகலாமா என்று கேட்கிற எல்லாவற்றுக்கும் அவர்கள் பதில் சொல்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பாட்டி டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை, தன் பேத்தி வயதுள்ள, தன் பேச்சையே பேசுகிற பெண்ணிடம் தயங்காமல் கேட்டுவிடுவார். "தாயி, கண்ண வெளிய எடுத்து வச்சா ஆப்ரேசன் பண்ணுவாக?" என்ற கேள்வியை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பயத்தைப் போக்காமல் எந்த ஆபரேஷனும் நடக்காது.

அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அரவிந்த் தன் முகாம்கள் நடந்த கிராமங்களிலேயே ஓர் ஆய்வு செய்தது. 1999ல் அது வெளியானது. இலவச முகாம் ஊருக்குள்ளேயே நடந்தும், கண்ணில் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டபோது வந்த பதில்கள்: பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, "வயசாயிருச்சு, இனிமே எதுக்கு?" சிகிச்சை இலவசமாக இருந்தாலும் பஸ் கட்டணமும் போன கூலியும் கூட வருபவரின் கூலியும் இலவசம் ஆவதில்லை அல்லவா?

பிறகு அவர்கள், நோயாளி வரும்வரை காத்திருக்காமல் ஊர்ப் பக்கமே பார்வை மையங்களைத் திறந்தார்கள். 2004 முதல் தொடங்கிய இவை இப்போது நூற்றுக்கும் மேல். அங்கே டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்து, கம்ப்யூட்டர் வழியாக நகரத்தில் இருக்கும் டாக்டரோடு நோயாளியைப் பேசவைக்கிறார். டாக்டரைவிட முதலில் நம்பிக்கை கொடுப்பவர் அந்தப் பெண்தான்.

இதே பாடம் வெளிநாட்டிலிருந்தும் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று ஓர் இளம் டாக்டர். தீராத புற்றுநோய் வந்து, 2013ல் ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்திருந்தார். தன்னைப் பார்க்க வந்த ஊழியர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் வேலையை முடித்துப் போனதைக் கவனித்தார். 'வணக்கம், என் பெயர் இன்னது' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று ஓர் இயக்கத்தையே ஆரம்பித்தார். 2016ல், 34 வயதில் இறந்துபோனார். அவர் கேட்டது ஒரு பைசா செலவில்லாத மாற்றம். அது இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். பணியாளர்களின் பங்கு என்று பேசினால் நம் பங்கும் கூடவே வரும்.

முதலில், அவர்களுடைய நிலைமை. பனகல் சாலையில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு மதுரை மட்டுமல்ல, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்று மாவட்டமெல்லாம் வருகிறது. எந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரியிலும் இரவுப் பணியில் ஒரு நர்ஸுக்கு ஒரு வார்டு முழுக்கப் பொறுப்பு என்பது சாதாரணம். அந்த நேரத்தில் ஒரே நோயாளிக்காக ஆறு சொந்தக்காரர்கள் தனித்தனியாக வந்து, "எப்படி இருக்கார்?" என்று கேட்டால், பதில் சொல்லும் நேரத்தில் இன்னொருவரின் டிரிப்ஸ் தீர்ந்திருக்கும். கோபத்தில் கை ஓங்குவதும் நடக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நமக்கு உரிமைகள் உண்டு. நோய் என்ன, சிகிச்சை என்ன, செலவு எவ்வளவு என்று புரியும்படி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்கலாம். மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. ஆனால் வழக்கு என்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் நாம் ஏறவேண்டிய படிகள் நிறைய இருக்கின்றன. நான்கை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு தாள். பெயர், வயது, ரத்த வகை, என்னென்ன நோய், என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். 108 வண்டி வந்து நிற்கும்போது, "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

இரண்டு, ஒரு வாய். குடும்பத்தில் ஒருவர் மட்டும் டாக்டரிடமும் நர்ஸிடமும் பேசட்டும். அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கும் சேர்த்து.

மூன்று, திருப்பிச் சொல்வது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்க சிஸ்டர்" என்று திருப்பிச் சொல்லுங்கள். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. சாப்பிடும் முன்னா, பின்னா? எத்தனை நாள்? பழைய மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா? என்ன தொந்தரவு வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது.

நான்கு, ஒரு நல்ல வார்த்தை. நன்றாகப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயரைக் கேட்டு, கருத்துப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். குறை எழுத எல்லோரும் பேனா தேடுகிறார்கள். நிறை எழுத யாரும் தேடுவதில்லை. இன்னார் நன்றாக எடுத்துச் சொன்னார் என்று எழுதினால், அடுத்த நோயாளிக்கும் எடுத்துச் சொல்ல அவருக்குத் தெம்பு வரும்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

மருத்துவப் பணியாளர்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை. நம் குடியிருப்பில் இப்போது படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள, தினமும் வெளியிலிருந்து பெண்கள் வருகிறார்கள். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. 12 மணி நேர வேலை. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, டயப்பர் மாற்றுவது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்வதன் தொடர்ச்சி அது.

அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? கேட்டில் பையைத் திறந்து காட்டச் சொல்கிறோம். சில பிளாக்குகளில் லிஃப்டில் ஏறினால் முகம் சுளிக்கிறோம். பெரியவர் தூங்கும்போது சற்று உட்கார ஒரு நாற்காலி கிடையாது. கீழே உள்ள கழிப்பறை செக்யூரிட்டிக்கு மட்டும் என்று பூட்டியிருக்கிறது. சில வீடுகளில் அவர்கள் பெயரே யாருக்கும் தெரியாது. 'அந்த ஹோம் நர்ஸ்' அல்லது 'அந்தப் பொண்ணு'. ஆஸ்பத்திரியில் நம்மைப் 'பதினாலாம் நம்பர் பெட்' என்று கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இப்படி நடத்தினால் அவர்கள் நிலைக்கமாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முகம் மாறும். ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறவருக்கு அந்தப் பெரியவரின் எந்தப் பக்கம் வலிக்கும், எந்த வேளையில் மூச்சு இழுக்கும் என்பது தெரியாது. மரியாதை இல்லாமல் போனால் அதன் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் இருக்கிறவர்தான். அந்தக் கட்டிலில் நாளைக்கு நானும் படுக்கலாம், நீங்களும் படுக்கலாம்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வருபவர்களுக்குச் சங்கம் பெயர் போட்ட அடையாள அட்டை கொடுக்கட்டும். தினமும் பையைச் சோதிக்கும் வேலை மிச்சம். கீழ்த்தளக் கழிப்பறையும் குடிதண்ணீரும் அவர்களுக்கும் திறந்திருக்கட்டும். மூன்றாவது, 'துணைக்கு ஒருவர்' பட்டியல். தனியாக இருக்கும் பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால், கூடப் போய்ச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு வர, ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. காது கேட்க வேண்டும், எழுதத் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும். ஏ பிளாக்கிலிருந்து முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. நம் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்யலாம். அந்தத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பெயரைக் கேளுங்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.